தாளைக் காட்டச் சொல்லுங்கள்

கடன் வாங்கினால் கட்ட வேண்டும். அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. வாங்காத கடனைக் கட்டு என்று வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் பல வழிகளில் வருகிறார்கள். அண்ணன் எடுத்த பைக்குக்குத் தவணை நின்றுபோனால், தங்கை வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வருகிறார்கள். எதிர்வீட்டு அக்கா குழுவில் வாங்கிய பணத்துக்கு, அவர் ஊரைவிட்டுப் போன பிறகு, அதே குழுவிலிருந்த மற்ற பெண்களின் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். இறந்துபோன அப்பாவின் பெயரைச் சொல்லிப் பதினெட்டு வயதுப் பையனிடம் கேட்கிறார்கள். எப்போதோ கல்லூரியில் உடன் படித்தவன் லோன் ஆப்பில் பணம் வாங்குகிறான். அவன் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் அழைப்பு போகிறது. புது சிம் கார்டு வாங்கிய ஒரே குற்றத்துக்காக, அந்த எண்ணை முன்பு வைத்திருந்த யாரோ ஒருவரின் கடனுக்கு நாள்தோறும் வசவு கேட்பவர்களும் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, ஆதார் நகலை யாரோ எடுத்துப்போய் உங்கள் பெயரிலேயே வாங்கிய கடன்.

இந்தக் கடைசி வகை எங்கள் தெருவில் நடந்தது. எனக்கு அத்தை முறையாகும் ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஏதோ திட்டத்தில் பெயர் சேர்க்கிறோம் என்று வந்தவர்களிடம் ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்திருக்கிறார். ஓராண்டு கழித்து ஒருவர் வந்து, உங்கள் பெயரில் 42 ஆயிரம் ரூபாய் கடன் இருக்கிறது, ஏழு தவணை பாக்கி என்கிறார்.

"நான் வாங்கவே இல்லையே தம்பி."

"வாங்கலைன்னு என்னம்மா ஆதாரம்?"

அத்தை அந்த ஆதாரத்தைத் தேடிப் புறப்பட்டார். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கிக்குப் போய், பாஸ்புக்கில் வரவு செலவு எல்லாம் பதிந்து வாங்கி வந்தார். அப்படி ஒரு பணம் வரவே இல்லை என்று காட்டினார். வந்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேற அக்கவுண்ட்ல வாங்கியிருப்பீங்க. உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தான் பேசுவீங்க" என்றார்.

அடுத்தமுறை அவர் வந்தபோது, தெருவில் சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். அவள் அதிகம் பேசவில்லை. "சார், கடன் மனுவக் காட்டுங்க. மனுவுல இருக்கிற போட்டோவக் காட்டுங்க. எந்தக் கணக்குல பணம் போட்டீங்கன்னு காட்டுங்க." அதெல்லாம் ஆபீசில் இருக்கிறது என்றார். "அப்ப எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வராதீங்க." ஒன்பது நாள் கழித்து வந்தார். டேப்லெட்டைத் திறந்தார். ஆதார் எண் அத்தையுடையது. முகம் வேறொரு பெண்ணுடையது. பணம் போன கணக்கு வேறொரு தாலுகாவில் இருந்தது. "இத அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர். அத்தை ஒன்றரை மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மோசடி எங்கும் நடக்கும். என்னை உறுத்துவது அந்தக் கேள்வி. வாங்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

ஒரு விஷயம் நடந்தது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இது சாட்சியச் சட்டத்தின் அரிச்சுவடி. பழைய 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. கடன் கொடுத்தேன் என்பவர் கொடுத்ததைக் காட்ட வேண்டும். வாங்கவில்லை என்பவர் எதையும் காட்ட வேண்டியதில்லை. நடக்காத ஒன்றுக்கு எங்கிருந்து தாள் கிடைக்கும்? ஆனால் சேரியின் வாசலுக்கு வரும்போது இந்தப் பாரம் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயர் மாறிப் போன் வந்தால், "ராங் நம்பர்" என்ற ஒரு சொல் பெரும்பாலும் போதும். இங்கே பாஸ்புக், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுச் சாட்சி என எல்லாவற்றையும் காட்டினாலும் போதவில்லை. கடனாளி என்பது இங்கே முகவரியோடு சேர்ந்தே வருகிறது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. வசூலுக்கு வருபவரின் நாக்கிலிருந்து அது எப்போது நீங்கும் என்பதுதான் தெரியவில்லை.

இது புதிதாக வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். கடனுக்கும் சாதிக்கும் உள்ள உறவை எழுதியே வைத்திருக்கிறார்கள். மனுஸ்மிருதியின் எட்டாவது அத்தியாயத்தைப் புரட்டுங்கள். மாத வட்டி நூற்றுக்கு எவ்வளவு என்று அது வருணத்தின்படி விதிக்கிறது. பார்ப்பனருக்கு 2, சத்திரியருக்கு 3, வைசியருக்கு 4, சூத்திரருக்கு 5. அதே அத்தியாயம் இன்னொன்றும் சொல்கிறது. கடன்பட்டவர் கொடுத்தவருக்குச் சமமானவராகவோ கீழ்ச்சாதியாகவோ இருந்தால், உடலுழைப்பால் கடனைத் தீர்க்க வேண்டும். மேல்சாதியாக இருந்தால், கையில் வரும்போது மெல்லக் கட்டிக்கொள்ளலாம். இன்றைய மொழியில் சொன்னால், ஒருவருக்குத் தவணை நீட்டிப்பு, இன்னொருவருக்குக் கொத்தடிமைத்தனம். வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதி என்ன என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு வட்டி விகிதம்கூட எழுதப்படவில்லை.

தந்தை பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற கோட்பாடும் அந்தச் சாத்திரங்களிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றங்கள் அதைச் சட்டமாகவே பாவித்தன. குடியரசாகி அரை நூற்றாண்டு கழிந்த பிறகு, 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அது கைவிடப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு தந்தை வாங்கும் கடனுக்கு, புனிதக் கடமை என்று சொல்லி மகனையோ பேரனையோ எந்த நீதிமன்றமும் பிடிக்க முடியாது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை தந்த திருத்தம் என்று அதைக் கொண்டாடுகிறோம், சரிதான். அதன் இந்தப் பக்கத்தை நாம் பேசுவதே இல்லை. இன்றைய நிலை எளிமையானது. இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ, அந்த மதிப்புவரைதான் கடனைக் கேட்க முடியும். ஒன்றுமே வரவில்லை என்றால், ஜாமீன் கையெழுத்தும் போடவில்லை என்றால், அந்தக் கடன் உங்களுடையது அல்ல. அப்பா விட்டுப்போனது ஒரு சைக்கிளும் ஒரு மண்வெட்டியும் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால், "அப்பன் பேரக் காப்பாத்த மாட்டியா?" என்று இன்னும் கேட்கிறார்கள். நீதிமன்றம் கைவிட்டதை வசூல்காரர் கைவிடவில்லை.

வயலில் பண்ணையாளாக இருந்த நம் பாட்டன்மார்களுக்கு இந்தப் புனிதக் கடமைதான் விலங்காக இருந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஆண்டையிடம் வாங்கிய சில மூட்டை நெல், அடுத்த தலைமுறையின் தலையில் ஏறியது. கணக்கு ஆண்டையிடம் இருந்தது. படிக்கக் கூடாது என்று வைக்கப்பட்டவரின் கடனுக்கு, படித்தவரின் நோட்டுப் புத்தகம் சாட்சி! இந்த ஏற்பாட்டின் பெயர்தான் மாறியிருக்கிறது. செங்கல் சூளையில், அரிசி ஆலையில், மரம் வெட்டும் இடங்களில் அதற்கு 'முன்பணம்' என்று பெயர். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரிகளின் காலில் விழுந்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தன்னை அடைத்து வைத்திருந்த கடன் உண்மையில் தீர்ந்துவிட்டதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு துண்டுத் தாளாவது இருந்திருக்குமா?

இந்த இடத்தில்தான் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தை நம் இளைஞர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று சொல்வேன். நெருக்கடி நிலைக் காலத்தில் முதலில் அவசரச் சட்டமாக வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி நமக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. ஆனாலும் இந்தச் சட்டத்தின் வரைவு, சாதி எப்படிக் கடனாகிறது என்பதைத் தெரிந்தவர்கள் எழுதியது. கொத்தடிமை என்பதற்கு அது தரும் விளக்கத்தில் முன்பணம் மட்டும் இல்லை. வாரிசு வழியாகத் தலையில் வந்த கடப்பாடு என்பதும் இருக்கிறது. குறிப்பிட்ட சாதியிலோ சமூகத்திலோ பிறந்ததால் வந்த கடப்பாடு என்பதும் இருக்கிறது. பிறப்பே கடனாக மாறும் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சட்டம் இந்த நாட்டில் வேறு எது?

அதன் ஆறாவது பிரிவு கொத்தடிமைக் கடன் அத்தனையும் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கிறது. ஒன்பதாவது பிரிவின்படி, ஒழிந்துபோன அந்தக் கடனுக்கு ஒரு ரூபாய் திருப்பி வாங்கினாலும் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. பதினைந்தாவது பிரிவு எல்லாவற்றுக்கும் மேல். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால் போதும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கடன் கொடுத்தவர் தலையில். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் நீதிபதி பகவதி இதே திசையில் இன்னும் ஓரடி போனார். ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது தெரிந்தால், அது முன்பணத்துக்காகத்தான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்றால் முதலாளி காட்டட்டும் என்றார். ஏன் இப்படி? எழுத்தறிவும் கணக்கும் காவல்நிலையமும் யார் பக்கம் இருக்கின்றனவோ, அவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். வலுவில்லாதவரிடம் ஆதாரம் கேட்பதே ஒரு வன்முறை என்பதை ஒரு சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

இப்போது குழுக் கடனுக்கு வருவோம். அடமானம் இல்லாத கடன் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், பெண்கள் சேர்ந்து குழுவாக வாருங்கள், ஒருவருக்கொருவர் பொறுப்பு. அருகருகே வசிப்பவர்கள்தான் குழுவாக முடியும் என்பது விதி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் அருகருகே வசிப்பது யார்? ஒரே சாதியினர். ஆக, நம்மைத் தனியாக ஒதுக்கி வைத்த அந்தத் தெருவே கடனுக்கு ஈடாகிறது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவளைப் பிடித்து உலுக்குவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. அடமானத்திலிருந்து மானத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் தோள்கொடுக்கிற பெண்களே, தவணை நாளில் ஒருவர் வாசலில் ஒருவர் காவல் நிற்கிறார்கள். சென்டர் மீட்டிங் முடியும்வரை யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு நுணுக்கத்தை மறைக்கக் கூடாது. குழுவில் சேரும்போது ஒருவருக்கொருவர் ஜாமீன் என்று ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருந்தால், அது ஒப்பந்தம். அதைக் காட்டிப் பணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கலாம். கேட்பதற்கு நோட்டீஸ், வழக்கு என்று வழி இருக்கிறது. திண்ணையில் உட்கார்வது அந்த வழிகளில் ஒன்று அல்ல. ஆகவே குழுவில் இருந்ததாலேயே பொறுப்பு என்று யாராவது சொன்னால், அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் படித்துப் பாருங்கள். தமிழில் இல்லையென்றால் தமிழில் கேளுங்கள், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதிதான்.

அந்த விதிகளைப் பற்றியும் தெரிந்துகொள்வோம். நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் கொண்டுவந்த நெறிமுறைப்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூல். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதவரின் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோதான் போகலாம். உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லை செய்யக் கூடாது. கட்டாதவர் பெயரை ஊரறிய எழுதிப் போடக் கூடாது. மற்றக் கடன்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, காலை 8 முதல் இரவு 7 வரை என்று நேரம் வைத்தது. அதில் முக்கியமான ஒரு சொல் இருக்கிறது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் மட்டுமல்ல, 'ரெஃபரன்ஸ்' ஆகப் பெயர் கொடுக்கப்பட்டவரின் அமைதியையும் குலைக்கக் கூடாது என்கிறது. ரெஃபரன்ஸ் என்பவர் ஜாமீன்தாரர் அல்ல. உங்கள் நண்பர் உங்களைக் கேட்காமலே உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால், அவர் கடனில் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. லோன் ஆப்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் தொடவே கூடாது என்பதும் 2022 முதல் விதி. தொட்டால், அதுவே அவர்கள் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அவர்களோடு பேரம் பேசாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போங்கள். படத்தை வெட்டி ஒட்டி அனுப்பி மிரட்டினால் வெட்கப்பட வேண்டியவர் அதை ஒட்டியவர்தான். வீட்டில் சொல்லுங்கள், தோழர்களிடம் சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

வாங்காத கடனுக்கு ஆள் வந்தால் முதலில் செய்ய வேண்டியது, பணம் கொடுக்காமல் இருப்பது. "ஒரு ஐந்நூறு போடுங்க, மேல பேசி முடிச்சுடுறேன்" என்பார்கள். தொல்லை ஒழிந்தால் சரி என்று கொடுத்துவிடத் தோன்றும். அந்த ஐந்நூறுதான் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டதற்கு அவர்கள் காட்டப்போகும் சாட்சி. உண்மையான கடனிலும் இது உண்டு. பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்றாண்டுக் கெடு. அந்தக் கெடுவுக்குள் சிறு தொகை கட்டி அதற்கு உங்கள் எழுத்து இருந்தாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, மூன்றாண்டு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஓ.டி.பி. கேட்டால் தரவே வேண்டாம்.

பிறகு எழுத்தில் பேசுங்கள். வந்தவரின் அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள். "இந்தக் கடனை நான் வாங்கவில்லை. கடன் மனு, அடையாளச் சான்று, புகைப்படம், பணம் அனுப்பிய கணக்கு விவரம் ஆகியவற்றைத் தாருங்கள்." இவ்வளவு போதும். கதை எழுத வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். உங்கள் பெயரில் வேறு எத்தனை கடன் ஓடுகிறது என்றும் பாருங்கள். 'சிபில்' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பதிவைப் பற்றிப் புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தையின் நூறு நாள் வேலைக் கூலியைவிட அது குறைவு என்பது வேறு விஷயம்.

ஆதார் மோசடி என்றால் காவல்நிலையத்தில் புகார் கொடுத்து, குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் வாங்காமல் வரக் கூடாது. சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் மூன்றாம் பிரிவு பொதுப் பார்வையில் நடந்த இழிவைப் பற்றியது. வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது அந்த வரையறைக்குள் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போனில் திட்டியதை வைத்து மட்டும் அந்த வழக்கு நிற்பது கடினம். தெருவில் திட்டினால், கேட்டவர்கள் யார் யார் என்று அன்றே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

இவ்வளவு சட்டமும் இருந்து என்ன ஆனது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் எரிந்து மடிந்தது. வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் கேட்கப்பட்ட கடன் அது. பலமுறை மனுக் கொடுத்துவிட்டுத்தான் அங்கே வந்தார்கள். மனு இருந்தது, சட்டம் இருந்தது, நடவடிக்கை இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, மிரட்டியும் வற்புறுத்தியும் கடன் வசூலிப்பதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை என்று ஒரு மசோதாவை நிறைவேற்றி, அது சட்டமாகவும் ஆகிவிட்டது. வரவேற்கிறேன். ஆனால் அது மிரட்டலைத் தடுக்கிறது. மிரட்டாமல், குரல் உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு வந்து "வாங்கலைன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்பவரை என்ன செய்யும்? அந்த இடத்துக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவு வர வேண்டும். சிறுகடன்கள் அனைத்திலும், இது என் கடனில்லை என்று ஒருவர் சொன்ன நொடியிலேயே வசூல் நிற்க வேண்டும். ஆவணங்களை அவர் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த அழைப்பே போக வேண்டும். கொத்தடிமைக்குக் கொடுத்த அந்தப் பாதுகாப்பைக் குழுக் கடன் பெண்ணுக்கும் கொடு என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். 'கடன் தள்ளுபடி' என்று முழங்குவதைவிட இது சின்னக் கோரிக்கை போலத் தெரியும். நிறுவனங்களுக்கு எது அதிகம் வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வசூலுக்கு வருகிற இளைஞரைப் பற்றியும் ஒரு சொல். அவர் பெரும்பாலும் இன்னொரு ஊரின் இன்னொரு சேரிக்காரர், அல்லது நமக்கு ஒரு படி மேலே வைக்கப்பட்ட சாதியின் ஏழை வீட்டுப் பையன். டார்கெட் முடிக்காவிட்டால் சம்பளம் பிடிப்பு, பெட்ரோல் கைக்காசு. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இருசக்கர வண்டியில் ஏறி வருவதுபோலத்தான் அவர் வருகிறார். அவரை அடிப்பதால் ஒன்றும் ஆகாது. அடித்தால் வழக்கு நம் மேல்தான் வரும். அவருக்கு உட்கார இடமும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, தாளைக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் நிலைமையை மாற்றியது சட்டப் புத்தகம் அல்ல, ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த இடத்தில் நிற்கக் கூடியவர்கள். உங்களிடம் போன் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஆபீஸ் பாஷை தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துகிறோம் அல்லவா, மாதத்தில் ஒரு ஞாயிறு தெருவில் உட்கார்ந்து, யார் யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று அந்த இலவச அறிக்கையை எடுத்துக் கொடுக்கலாம். ஜாமீன் தாள்களைப் படித்துச் சொல்லலாம். கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும். எது அடுத்து வருகிறதோ அதில் ஒரு தீர்மானம் கொண்டுபோகலாம். வசூலுக்கு வரும் நிறுவனங்கள் தங்கள் ஊழியரின் பெயரையும் அனுமதிக் கடிதத்தையும் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கடனை மறுப்பவருக்கு ஆவண நகல் தராமல் வீட்டுக்கு வரக் கூடாது என்று இரண்டு வரி எழுதினால் போதும். அந்தத் தீர்மானம் எந்த நிறுவனத்தையும் சட்டப்படிக் கட்டிப்போடாது. ஆனால் குறைதீர்ப்பாளருக்கும் காவல்நிலையத்துக்கும் போகும் மனுவோடு இணைக்க உங்களிடம் ஒரு தாள் இருக்கும். வாசித்து முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்களா என்று பார்த்து, நகல் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.